பூவா தலையா, அந்த மூன்று நிமிடம்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பாலில் நடுவரும் கேப்டன்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தோடு, ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலான மாநிலங்கள் என்எஃப்எச்எஸ் என்ற கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன. 1920-ல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பின் தலைமையகம் இன்டியானாபொலிஸில் இருக்கிறது. டெக்சாஸ் மட்டும் கல்லூரி விதிகளில் ஆடுகிறது. மாசசூசெட்ஸும் முன்பு அப்படித்தான் ஆடியது. 2019-ல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கீழே உள்ளவை என்எஃப்எச்எஸ் விதிப்படி, ஐந்து நடுவர் கொண்ட குழுவுக்கு. புதிதாக விசில் எடுப்பவர்களுக்காகவே எழுதியது என்றாலும், பிள்ளை கேப்டனாக இருக்கும் பெற்றோரும் படிக்கலாம்.

கேப்டன்களைச் சந்திப்பது என்றால் டாஸ் மட்டும்தானா?

கண்ணுக்குத் தெரிவது டாஸ் மட்டும்தான். அது ஒழுங்காக நடக்குமா என்பது அதற்கு முந்தைய சந்திப்பிலேயே முடிவாகிவிடும். ஆட்டத்துக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு வெள்ளைத் தொப்பிக்காரரும் (இவர்தான் தலைமை நடுவர், மற்ற நால்வருக்கும் கறுப்புத் தொப்பி) அம்பயரும் (குழுவின் இன்னொரு நடுவர்) சேர்ந்து இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களையும் தனித்தனியே போய்ப் பார்க்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால், நடு மைதானத்தில் பதினேழு வயதுப் பையனிடம் கேட்டு விழிக்க வேண்டியிருக்கும்.

பயிற்சியாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில் விதி கேட்கச் சொல்வது: ஆட்டக்காரர் எல்லோரும் விதிப்படியான பாதுகாப்புச் சாதனங்கள் அணிந்திருக்கிறார்களா? இதற்குத் தலைமைப் பயிற்சியாளர் தன் வாயால் உறுதி சொல்ல வேண்டும், அதை இன்னொரு நடுவரும் கேட்க வேண்டும். அம்பயரையும் கூட்டிக்கொண்டு போவது அதற்காகத்தான். “எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்று இழுத்தால் விடாதீர்கள். “ஆமாம், சரியாக இருக்கிறது” என்று சொல்லவையுங்கள். பிறகு ஒருவனின் முழங்கால் பேட் முழங்காலை மூடாமல் மேலே ஏறியிருந்தாலோ, வாய்க்காப்பு முழு வெள்ளையாகவோ ஒளி ஊடுருவுவதாகவோ இருந்தாலோ (இரண்டுமே கூடாது), பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது.

அடுத்து ஆட்டப் பந்து. காற்றழுத்தம் 12½ முதல் 13½ பிஎஸ்ஐ வரை. கையால் அமுக்கிப் பார்த்து “போதும்” என்று சொல்லாமல் அளவுமானியை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இரவில் பந்தின் அழுத்தம் தானாகவே கொஞ்சம் இறங்கும்.

பிறகு கேப்டன்களின் எண்கள். அவர்களில் பேசப்போவது யார். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவன்) இடது கைக்காரனா. பன்ட் (கையிலிருந்து விட்டு உதைக்கும் உதை) உதைப்பவன் இடது காலா. வழக்கத்துக்கு மாறான ஆட்டமுறை ஏதாவது வைத்திருக்கிறார்களா. கடைசிக் கேள்வியை முக்கால்வாசிப் பேர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தந்திர ஆட்டம் ஒன்று வரப்போகிறது என்று நடுவருக்கு முன்பே தெரிந்தால், சட்டப்படியான ஆட்டத்தில் தவறாக விசில் ஊதிக் கெடுக்காமல் இருக்கலாம். பயிற்சியாளர் சொன்னது அந்தக் குழுவைத் தாண்டிப் போகக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கக் கோட்டை ஒட்டிய இரண்டு கெஜ அகலப் பட்டையை ஆட்டம் நடக்கும்போது காலியாக வைக்கும் பொறுப்பு யாருக்கு என்றும் கேட்டுவிடுங்கள். அங்கே யாராவது நின்றால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்தது 5 கெஜம், அதற்கும் மேல் 15 கெஜம். ஓர் உதவிப் பயிற்சியாளரின் பெயர் கையில் இருந்தால் ஓரத்து நடுவரின் தொண்டை மிஞ்சும்.

எல்லாம் முடிந்ததும், பலர் மறக்கிற கேள்வி: “டாஸ் ஜெயித்தால் உங்களுக்கு என்ன வேண்டும்? தோற்றால்?” இதன் அருமை கீழே தெரியும்.

டாஸ் எப்போது? யார் எங்கே நிற்க வேண்டும்?

குறித்த நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பு, நடு மைதானத்தில். தேசிய கீதம், பேண்டு வாத்தியம், ஹோம்கமிங் (பழைய மாணவர் கூடும் விழா) ஊர்வலம் என்று பள்ளிக்குப் பள்ளி நேரம் நகரும். அதனால் மைதானப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, ஸ்கோர்போர்டு கடிகாரத்தை வைத்தே பேசுங்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் என்ன மணி என்பது பேண்டு மாஸ்டருக்குத் தெரியாது.

தலைமை நடுவரும் அம்பயரும் நடுவில் நிற்க, ஓரத்து நடுவர்கள் அவரவர் பக்கத்திலிருந்து கேப்டன்களை அழைத்து வருகிறார்கள். கேப்டன்கள் தங்கள் அணி நிற்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி, எதிரெதிரே பார்த்து நிற்பார்கள். இடையில் மூன்று நான்கு கெஜம் இருக்கட்டும். மூக்கு உரசும் தூரத்தில் நிறுத்தினால் முறைப்பு தொடங்கிவிடும். ஓரத்து நடுவர்களின் உண்மையான வேலை, மீதி அணியை உள்ளே வராமல் தடுப்பது; நாணயத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எத்தனை கேப்டன்கள் வரலாம்?

அணிக்கு அதிகபட்சம் நான்கு பேர். சீனியர்கள் எட்டுப் பேர் கைகோத்து வரிசையாக நடந்து வருவது பார்க்க அழகுதான். ஓரத்திலேயே நிறுத்தி, நான்கு பேரை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் வந்த பிறகு திருப்பி அனுப்பினால் அவமானப்படுத்தியதாகிவிடும். பழைய மாணவரோ ஊர்ப் பெரியவரோ கௌரவ கேப்டனாக வந்தால் கை குலுக்கி, ஓரமாக நிற்கவைத்தால் போதும்.

எத்தனை பேர் வந்தாலும் பேசுவது ஒருவர்தான். “உங்களில் பேசப்போவது யார்?” என்று கேட்டு, அவனுடைய எண்ணை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் ஒருவன் “ரிசீவ்” (பந்தை வாங்குகிறோம்) என்பான், பக்கத்திலிருப்பவன் “டிஃபர்” (தேர்வைத் தள்ளிவைக்கிறோம்) என்பான், எது முதலில் வந்தது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

நாணயத்தைச் சுண்டும்போது என்ன தவறு நடக்கும்?

நாணயத்தின் இரு பக்கத்தையும் இரு கேப்டன்களுக்கும் காட்டுங்கள். “இது தலை, இது பூ.” நினைவு நாணயங்களில் எது தலை என்று புரியாத படங்கள் இருக்கும், அப்படிப்பட்டதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய அரை டாலர், வெள்ளி டாலர் போன்ற பெரிய காசு நல்லது. கால் டாலர் புல்லில் விழுந்தால் இரவு விளக்கில் தேட வேண்டும்.

கையில் பிடிப்பதா, தரையில் விடுவதா என்பதையும் சுண்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிடிப்பதாகச் சொல்லிவிட்டு நழுவவிட்டால் திரும்பச் சுண்டுங்கள். எங்கோ உருண்டுபோய் விழுந்ததை முடிவாக எடுக்காதீர்கள்.

அழைக்கிறவர் வந்திருக்கும் அணியின் கேப்டன். நாணயம் காற்றில் இருக்கும்போது கத்தச் சொல்வது பழைய பழக்கம். நம் பரிந்துரை: கையில் இருக்கும்போதே கேளுங்கள், அவன் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள் – “வந்த அணி தலை என்கிறது” – அம்பயரும் ஒரு தடவை சொல்லட்டும், அதன் பிறகு சுண்டுங்கள். 1998 நவம்பர் 26, நன்றி நவிலும் நாள் தொழில்முறை ஆட்டம் இதற்குப் பாடம். டெட்ராய்ட்டுக்கும் பிட்ஸ்பர்குக்கும் ஓவர்டைம் (கூடுதல் நேர) டாஸ். பிட்ஸ்பர்கின் ஜெரோம் பெட்டிஸ் காற்றில் நாணயம் இருக்கும்போது அழைத்தார். நடுவர் ஃபில் லக்கெட்டின் காதில் தலை என்று விழுந்தது. தான் பூ என்றேன் என்றார் பெட்டிஸ். விழுந்ததோ பூ. டெட்ராய்ட் பந்தை வாங்கி, ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) அடித்து 19–16 என ஜெயித்தது. அதற்குப் பிறகு என்எஃப்எல் (அந்தத் தொழில்முறை லீக்) சுண்டுவதற்கு முன்பே அழைக்கவைக்கும் முறைக்கு மாறிவிட்டது. கோடிக்கணக்கான பேர் பார்த்த ஆட்டத்திலேயே காது ஏமாற்றும் என்றால், பின்னால் பேண்டு முழங்கும் பள்ளி மைதானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டாஸ் ஜெயித்தவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கிரிக்கெட்டில் பேட்டிங், பௌலிங் இரண்டில் ஒன்று, அதோடு முடிந்தது. இங்கே இரண்டு பாதிக்கும் தனித்தனியே தேர்வு உண்டு, அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஜெயித்தவருக்கு நான்கு வழி:

ரிசீவ் – முதல் பாதித் தொடக்கத்தில் பந்தை வாங்குவது. கிக் – பந்தை உதைத்துக் கொடுப்பது. கோல் – எந்தப் பக்கத்து எல்லையைக் காப்பது என்று சொல்வது. டிஃபர் – தேர்வு உரிமையை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைப்பது.

முதல் மூன்றில் எதைச் சொன்னாலும் முதல் பாதி உரிமையைச் செலவழித்தாகிவிட்டது. இரண்டாம் பாதியில் முதலில் தேர்வு செய்வது எதிரணி. இங்கேதான் பொறி இருக்கிறது. “எங்கள் தற்காப்பு பலமானது, முதலில் அவர்கள் ஆடட்டும்” என்று நினைக்கும் கேப்டன் “கிக்” என்கிறான் என்று வையுங்கள். எதிரணி பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும், பந்தும் அதற்குத்தான். இரண்டாம் பாதியில் தேர்வும் எதிரணியுடையது. அது “ரிசீவ்” என்று சொல்லும். டாஸ் ஜெயித்த அணி இரண்டு பாதியிலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு நிற்கும். அவன் நினைத்தது நடக்க “டிஃபர்” என்று சொல்லியிருக்க வேண்டும். “கோல்” என்று சொன்னாலும் இதே கதைதான். எதிரணி இரண்டு தடவையும் பந்து வாங்கலாம். சுழன்றடிக்கும் காற்று இருந்தாலொழிய யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

1962 டிசம்பர் 23, ஏஎஃப்எல் (அந்நாளைய இன்னொரு தொழில்முறை லீக்) இறுதி ஆட்டம். ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு எதிராக டல்லஸ் டெக்சன்ஸ், ஓவர்டைம். டெக்சன்ஸ் டாஸ் ஜெயித்தது. பயிற்சியாளர் ஹாங்க் ஸ்ட்ராமுக்கு வேண்டியது காற்று அடிக்கும் பக்கம், அதாவது கடிகாரம் இருக்கும் பக்கம். கேப்டன் ஆப்னர் ஹெய்ன்ஸ் சொன்னது, கடிகாரப் பக்கமாக கிக் செய்கிறோம் என்று. “கிக்” என்ற சொல் விழுந்ததும் தேர்வு முடிந்தது. பந்தும் போயிற்று, பக்கத்தைத் தேர்வு செய்யும் உரிமையும் ஹூஸ்டனுக்குப் போயிற்று. டெக்சன்ஸ் இரண்டாவது ஓவர்டைமில் 20–17 என ஜெயித்துவிட்டதால் இன்று சிரித்துப் பேச முடிகிறது. (அந்த அணிதான் அடுத்த ஆண்டு கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் ஆனது.)

கேப்டன் தெரியாமல் “கிக்” என்று சொன்னால் நடுவர் திருத்தலாமா?

கேப்டன் முதலில் அறிவிக்கும் தேர்வை மாற்ற முடியாது. அதனால் தவறு வாயிலிருந்து வருவதற்கு முன்பே வழியை அடைப்பதுதான் நல்ல நடுவரின் வேலை. “உனக்கு என்ன வேண்டும்?” என்று திறந்த கேள்வி கேட்காதீர்கள். “வாழ்த்துகள் கேப்டன். பந்தை வாங்குகிறீர்களா, தேர்வை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைக்கிறீர்களா?” என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் வேண்டும்.

அப்படியும் “டிஃபென்ஸ்” என்பான் ஒருவன். அப்படி ஒரு தேர்வே இல்லை, ஆகவே அவன் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நிதானமாகத் திரும்பக் கேளுங்கள். “கிக்” என்றே சொல்லிவிட்டால்? பயிற்சியாளர் உங்களிடம் முன்பே “டிஃபர்” என்று சொல்லியிருந்தால், கையை அசைப்பதற்கு முன் “தேர்வை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைக்கிறீர்கள், அப்படித்தானே?” என்று ஒரே ஒரு தடவை கேட்பது நியாயம் என்பது எங்கள் கருத்து. எதிரணிக்கும் இதே சலுகை உண்டு. ஆனால் பயிற்சியாளரிடம் எதையும் கேட்டு வைக்காமல் நீங்களாகவே ஊகித்துத் திருத்தினால், அது ஓர் அணிக்கு வியூகம் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அரை மணி நேரம் முன்பு கேட்ட அந்தக் கேள்வியின் அருமை இதுதான்.

டிஃபர் சொன்ன பிறகு என்ன மறந்துபோகும்?

பக்கம். தள்ளிவைத்ததும் தேர்வு எதிரணிக்கு வருகிறது. அது “ரிசீவ்” என்று சொல்லும். இந்த இடத்தில் நடுவர் கை குலுக்கவைத்து அனுப்பிவிடுவார். எந்தப் பக்கத்து எல்லையைக் காப்பது என்று டிஃபர் சொன்ன கேப்டனிடம் கேட்கவே இல்லை! கிக்காஃபுக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் உதைக்கு) இரண்டு அணியும் ஒரே பக்கம் ஓடும்போதுதான் தெரியும். எதிரணி பந்தைக் கேட்டால் பக்கம் இவனுக்கு. பக்கத்தைக் கேட்டால், உதைப்பதா வாங்குவதா என்பது இவனுக்கு. இரண்டு கேள்வியும் கேட்கப்பட்ட பிறகுதான் டாஸ் முடிகிறது.

பக்கத்தைச் சொல்லும்போது “அந்தப் பக்கம்” என்று மோவாயை ஆட்டுவான். கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். “காற்றோடு” என்றாலும் அப்படியே. மைதான நடுவில் ஒரு பக்கமாக அடிக்கும் காற்று, கொடிக்கம்பத்தில் வேறு பக்கமாக அடிக்கும்.

முடிவை அரங்கத்துக்கு எப்படிக் காட்டுவது?

கேப்டன்களைத் திருப்பி, அவரவர் காக்கும் எல்லைக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள். பிரஸ் பாக்ஸைப் பார்த்து நின்று, ஜெயித்தவனின் தோளில் கை வைத்து, அவன் தேர்வைக் காட்டுங்கள். டிஃபர் என்றால் பாஸ் தவறியதற்குக் காட்டும் அதே வீச்சு. பந்தை வாங்குபவனுக்குப் பின்னால் போய் பந்து பிடிப்பதுபோல் இரு கையையும் மார்புக்கு இழுங்கள். உதைப்பவனுக்குக் காலை வீசிக் காட்டுங்கள்.

நன்னடத்தை பற்றி எவ்வளவு நேரம் பேசலாம்?

குறைவாக. சில மாநிலங்களில் வாசிக்க வேண்டிய வாசகம் ஒன்று தருவார்கள். அதை அப்படியே வாசித்துவிடுங்கள். மற்றபடி இரண்டு வாக்கியம் போதும்: “உங்கள் அணியில் யாராவது சூடானால் நான் முதலில் உங்களிடம் வருவேன். உதவுவீர்களா?” “ஆமாம் சார்” என்று சொல்லவைத்தால், மூன்றாவது குவார்ட்டரில் அது கைகொடுக்கும். விதி வகுப்பு எடுக்கும் இடம் இதுவல்ல. அந்தப் பையன்களின் காதில் ரத்தம் இரைந்துகொண்டிருக்கிறது. நாலாவது வாக்கியத்திலிருந்து எதுவும் உள்ளே போகாது. ஓர் அணியின் கேப்டனிடம் சிரித்து ஜோக் அடிப்பதும் வேண்டாம். எதிர்ப் பக்க அரங்கம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டாஸ் நேரத்திலேயே வாய்ச்சண்டை வந்தால்?

நடுவருக்கு அதிகாரம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பயிற்சி ஓட்டத்தின்போது நடப்பதற்கும் தண்டனை தரலாம். நடத்தைக் குற்றத்துக்கு 15 கெஜம், கிக்காஃபில் சேர்க்கப்படும். கிக்காஃப் உதைப்பவரின் 40 கெஜக் கோட்டிலிருந்து; குற்றம் உதைக்கும் அணியுடையது என்றால் 25-க்கு இறங்கும், வாங்கும் அணியுடையது என்றால் அந்த அணியின் 45-க்கு ஏறும். அந்த ஆட்டக்காரனின் கணக்கில் அது ஒன்றாகப் பதியும். இன்னொன்று வந்தால் வெளியேற்றம். அதனால் முதலில் கேப்டனையும் பயிற்சியாளரையும் கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் கேட்கும்படி வசவு விழுந்தாலோ கை ஓங்கினாலோ சொல்லிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

இரண்டாம் பாதிக்கு மறுபடியும் கேப்டன்கள் வர வேண்டுமா?

டாஸ் கிடையாது. தேர்வு உரிமை யாருக்கு என்பது உங்கள் அட்டையில் இருக்க வேண்டும். இடைவேளை முடிந்து அணிகள் திரும்பி, மூன்று நிமிட உடற்பயிற்சி ஓடும்போதே இரு பயிற்சியாளரிடமும் கேட்டுவிடுங்கள். அட்டையில் எழுத வேண்டியது நான்கு: யார் ஜெயித்தார், என்ன தேர்ந்தெடுத்தார், முதலில் உதைப்பது யார் எந்தப் பக்கத்திலிருந்து, இரண்டாம் பாதி உரிமை யாருக்கு. ஐந்து நடுவரும் எழுத வேண்டும். தலைமை நடுவர் மட்டும் எழுதிவைத்து, மழையில் அட்டை நனைந்து மை கரைந்தால், இரண்டு பயிற்சியாளரும் தங்களுக்குத்தான் உரிமை என்பார்கள். இருவருமே அதை உளமார நம்பிச் சொல்வார்கள்.

ஓவர்டைமுக்கு?

என்எஃப்எச்எஸ் தரும் முறையை உங்கள் மாநிலம் ஏற்றிருந்தால்: மூன்று நிமிட இடைவேளை, மறுபடி நடு மைதானம், மறுபடி வந்த அணியின் அழைப்பு. இங்கே கிக்காஃப் இல்லை. ஒவ்வொரு அணிக்கும் 10 கெஜக் கோட்டிலிருந்து நான்கு டவுன் (பந்தை முன்னேற்றும் முயற்சி). ஜெயித்தவர் முதலில் தாக்குவதா தடுப்பதா என்று சொல்லலாம், இல்லையெனில் எந்த முனையில் ஆடுவது என்று சொல்லலாம், மிச்சம் தோற்றவருக்கு. டிஃபர் என்ற பேச்சே இங்கே கிடையாது. ஆனால் மாலை முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய கேப்டன் பழக்கத்தில் அதையே சொல்வான். மாலையில் “டிஃபென்ஸ்” செல்லாத சொல்லாக இருந்தது. இப்போது அது சரியான தேர்வு. அதனால் சுண்டுவதற்கு முன்பே தேர்வுகளை இரண்டு பக்கமும் கேட்கும்படி ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுங்கள். வழக்கமாக எல்லோரும் தடுப்பையே கேட்பார்கள். எதிரணி எத்தனை புள்ளி எடுத்தது என்று தெரிந்துகொண்டு ஆடலாமே.